கீழ்முதுகு வலியும் ஊடுகதிர்ப் படச் சான்றும்: ஒரு காரணத் துணிபின் வரலாறு (1895–2015)

ஆய்வுச் சுருக்கம்

கீழ்முதுகு வலியால் துன்புறும் ஒருவரின் முதுகெலும்பை ஊடுகதிர்ப் படத்தில் நோக்கினால் ஏதேனும் ஒரு மாற்றம் தென்படுவது இயல்பு. அம்மாற்றமே வலிக்குக் காரணம் என்னும் துணிபு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவத்தில் வேரூன்றியது. வலியில்லாதோரின் முதுகெலும்பையும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் 1950களிலிருந்து அத்துணிபை ஐயத்திற்கு உள்ளாக்கின. ஊடுகதிர் கண்டறியப்பட்ட 1895ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 120 ஆண்டுக் காலத்தில் இத்துணிபு தோன்றியவாறும் தளர்ந்தவாறும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. மாற்றத்தை விளைவித்தது கருவியின் நுட்பம் அன்று; ஒப்பீட்டுக் குழு என்னும் ஆய்வுமுறையே என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: கீழ்முதுகு வலி, ஊடுகதிர், முள்ளெலும்பு, இடைவட்டு, ஒப்பீட்டுக் குழு, தேய்மானம், மருத்துவ வரலாறு

முன்னுரை

எக்ஸ்-கதிர் என வழங்கும் ஊடுகதிரின் வரலாறு பெரும்பாலும் வெற்றியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எலும்பு முறிவு, காசநோய், உடலுள் தங்கிய தோட்டா ஆகியவற்றைப் பொறுத்தவரை அவ்வாறு எழுதுவது பொருத்தமே. முதுகுவலியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இங்கே படம் பொய் சொல்லவில்லை. முள்ளெலும்பின் விளிம்பில் வளர்ந்த எலும்பு முனைப்பு, இரு முள்ளெலும்புகளுக்கு இடையில் குறுகிய வெளி, பிறவியிலேயே அமைந்த வேறுபாடு ஆகிய அனைத்தும் உண்மையிலேயே உடலில் உள்ளவை. அவற்றுக்கும் வலிக்கும் இடையே காரண காரியத் தொடர்பு உண்டு என்று கொண்டது மட்டுமே மனிதரின் அனுமானம்.

அவ்வனுமானம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அதனை அடிப்படையாகக் கொண்டு அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன; தொழிலாளர் பலர் வேலைக்குத் தகுதியற்றோர் என விலக்கப்பட்டனர்; நலமாக நடமாடியவர்களும் தம் முதுகு சிதைந்துவிட்டதாக நம்பத் தலைப்பட்டனர். எனவே இவ்வனுமானத்தின் தோற்றத்தையும் அதன்மீது எழுந்த மறுப்பையும் காலமுறையில் நோக்குவது மருத்துவ வரலாற்றுக்கும் ஆய்வுமுறையியலுக்கும் ஒருங்கே பயனுடையதாகும்.

1. ஊடுகதிருக்கு முந்தைய நிலை

முதுகுவலியை உடலின் ஒரு குறிப்பிட்ட உறுப்போடு பொருத்திப் பார்க்கும் முயற்சி ஊடுகதிருக்கு முன்பே தொடங்கிவிட்டது. இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ கொத்துன்யோ 1764இல் வெளியிட்ட நூலில், இடுப்பிலிருந்து கால்வரை பரவும் வலியை மூட்டுவலியிலிருந்து பிரித்து நரம்பைச் சார்ந்தது என விளக்கினார். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் 1779இல் முதுகெலும்பு கூனலோடு கால் செயலிழக்கும் நோயை விவரித்தார். அது முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் எனப் பின்னர் அறியப்பட்டது. ஆயினும் எவ்வித வெளிப்படையான குறியும் இல்லாத சாதாரண முதுகுவலிக்கு மருத்துவர்களிடம் உறுதியான விளக்கம் இல்லை. வாதம், குளிர், ஈரம் ஆகியவையே பொதுவாகக் காரணங்களாகக் கூறப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இருப்புப்பாதைப் போக்குவரத்து பெருகியபோது இச்சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது. தொடர்வண்டி விபத்தில் சிக்கியோர் பலர், வெளிக்காயம் ஏதுமின்றியே முதுகுவலி, தளர்ச்சி, உறக்கமின்மை ஆகியவற்றால் துன்புறுவதாகக் கூறி இழப்பீடு கோரினர். இந்நிலை 'இருப்புப்பாதை முதுகு' எனப் பெயர்பெற்றது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில், அதிர்ச்சியால் தண்டுவடம் பாதிக்கப்படுவதே இதற்குக் காரணம் என்றார். இருப்புப்பாதை நிறுவனமொன்றின் அறுவை மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்து, அச்சமும் மன அதிர்ச்சியுமே பெரும்பாலான நேர்வுகளில் காரணம் என வாதிட்டார்.

இருவராலும் உயிருள்ள மனிதரின் முதுகெலும்பைக் காண இயலவில்லை. வலி என்பது நோயாளியின் சொல்லாக மட்டுமே இருந்தது; அச்சொல்லை நம்புவதா மறுப்பதா என்பதே வழக்காயிற்று. உடலுக்குள் நோக்கும் கருவி ஒன்று கிடைத்தபோது, அது நோயறியும் கருவியாக மட்டுமன்றி நடுநிலைச் சாட்சியாகவும் எதிர்பார்க்கப்பட்டமைக்கு இப்பின்புலமே காரணம்.

2. ஊடுகதிரின் வருகை

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் கொன்ராட் ரான்ட்கன் இப்புதிய கதிர்களைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் அவரது முதல் அறிக்கை வெளிவந்தது. சில மாதங்களுக்குள் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளில் அக்கதிர்கள் பயன்பாட்டிற்கு வந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் கையும் காலும் எளிதாகப் படமாயின. கீழ்முதுகு அவ்வாறு ஆகவில்லை. வயிற்றுப் பகுதியின் தடித்த தசையும் உள்ளுறுப்புகளும் கதிர்களைச் சிதறடித்தமையால் முள்ளெலும்பின் உருவம் மங்கியது. 1913இல் இரு மேம்பாடுகள் நிகழ்ந்தன. அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் நிலையான, வலிமை மிக்க கதிர்க்குழாயை உருவாக்கினார். ஜெர்மனியில் குஸ்தாவ் புக்கி சிதறிய கதிர்களைத் தடுக்கும் கட்டச் சட்டத்தை அமைத்தார். இவற்றின் பயனாக 1920களில் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் தெளிவான படம் வழக்கமான மருத்துவமனைகளிலும் கிட்டலாயிற்று.

காசநோயால் அரிக்கப்பட்ட முள்ளெலும்பு, விபத்தில் நொறுங்கிய முள்ளெலும்பு, புற்றுநோய் பரவிய முள்ளெலும்பு ஆகியவற்றைப் படம் ஐயமறக் காட்டியது. இந்நோய்களில் படத்தில் காணும் சிதைவுக்கும் நோயாளியின் துன்பத்திற்கும் உள்ள தொடர்பு தெளிவானது. இவ்வெற்றிகள் தந்த நம்பிக்கையே, தெளிவான நோய் எதுவுமற்ற முதுகுவலிக்கும் அவ்வாறே படத்தில் விடை காணலாம் என்னும் எதிர்பார்ப்பை வளர்த்தது.

3. வேறுபாடு நோயாக மாறியமை

இவ்வெதிர்பார்ப்போடு படத்தை நோக்கியோர்க்குக் காண்பதற்குப் பலவும் கிடைத்தன. பாஸ்டன் நகர எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்த்வெயிட் 1911இல், கடைசி இடுப்பு முள்ளெலும்பும் அதன் கீழுள்ள திருவெலும்பும் இணையும் இடத்தின் அமைப்பு வேறுபாடுகளே பல முதுகுவலிகளுக்கு விளக்கம் என எழுதினார். இத்தாலியக் கதிரியலாளர் மாரியோ பெர்த்தொலோத்தி 1917இல், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு திருவெலும்போடு பகுதியாக ஒன்றியிருக்கும் பிறவி அமைப்பைக் கால்வரை பரவும் வலியோடு தொடர்புபடுத்தினார். இன்றும் அந்நிலை அவர் பெயரால் சுட்டப்படுகிறது. 1933இல் கோர்ம்லி என்னும் அமெரிக்க மருத்துவர் முள்ளெலும்புகளின் பின்புறச் சிறு மூட்டுகளை வலியின் இருப்பிடமாக முன்வைத்தார். மறைந்திருக்கும் முள்ளெலும்புப் பிளவு, முன்வளைவின் மிகுதி அல்லது குறைவு, முள்ளெலும்பு நழுவல், விளிம்பு முனைப்புகள் ஆகியவையும் இவ்வரிசையில் சேர்ந்தன.

ஒரே வலிக்கு இத்தனை காரணங்கள் அடுத்தடுத்து முன்வைக்கப்பட்டமை கருதத்தக்கது. இவ்வறிக்கைகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. வலியோடு வந்தவர் படமெடுக்கப்பட்டார். படத்தில் ஒரு வேறுபாடு காணப்பட்டது. அவ்வேறுபாடு வலியின் காரணமாக எழுதப்பட்டது. வலியின்றி வாழ்வோர் மருத்துவமனைக்கு வருவதில்லை. வந்தாலும் அவர்களது முதுகைப் படமெடுக்க எவருக்கும் காரணம் இல்லை. ஆகவே நலமுடையோரின் முதுகெலும்பு எவ்வாறு இருக்கும் என்னும் வினா எழவே வாய்ப்பில்லாமற் போயிற்று. இயல்பானது எனக் கொள்ளப்பட்ட முதுகெலும்பு, உடற்கூற்று நூல்களில் வரையப்பட்ட இலட்சிய வடிவமே.

4. பிணக்கூற்று ஆய்வும் இடைவட்டும்

அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை பிணக்கூற்று அறையில் இருந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நோய்க்கூற்றியலாளர் ஜார்ஜ் ஷ்மோர்ல், 1920களின் இடைப்பகுதி முதல் 1932இல் தாம் மறையும்வரை, பல்வேறு நோய்களால் இறந்தோரின் முதுகெலும்புகளைப் பெருந்தொகையாக ஆராய்ந்தார். அத்தொகை 10,000 அளவினது எனக் கூறப்படுகிறது. ஹெர்பர்ட் யுங்ஹான்ஸுடன் இணைந்து அவர் எழுதி 1932இல் வெளிவந்த நூல் முதுகெலும்புக் கதிரியலின் அடிப்படை நூலாயிற்று. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த இடைவட்டு வயது கூடக்கூட நீர் வற்றிச் சுருங்குவதும், விளிம்புகளில் எலும்பு முனைப்பு வளர்வதும் எத்துணைப் பொதுவான நிகழ்வுகள் என்பதை அவரது பணி காட்டியது. இம்மாற்றங்களைக் கொண்டோர் அனைவரும் வாழ்நாளில் முதுகுவலியால் முடங்கியவர்கள் அல்லர் என்று ஊகிக்க அதில் இடமிருந்தது. எனினும் இறந்தோரிடம் வலியைப் பற்றி வினவ இயலாது. ஆகையால் அப்பெருந்தரவு காரணத் துணிபைச் சோதிக்கப் பயன்படவில்லை. மாற்றங்களை இனங்காணும் அகராதியாகவே பயன்பட்டது.

1934இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டுரை திருப்புமுனையாக அமைந்தது. அதுவரை கட்டிகள் எனக் கருதப்பட்டு அகற்றப்பட்டவற்றுட் பல, உண்மையில் கிழிந்து வெளித்தள்ளிய இடைவட்டின் பகுதிகளே என அவர்கள் 19 நோயாளிகளைக் கொண்டு நிறுவினர். கால்வரை பரவும் நரம்பு வலிக்கு அது தெளிவான உடற்கூற்று விளக்கமாக இருந்தது. இன்றும் அவ்விளக்கம் நிலைபெற்றுள்ளது.

ஆயினும் குறிப்பிட்ட ஒருவகை வலிக்குப் பொருந்திய விளக்கம் விரைவில் முதுகுவலி முழுமைக்கும் விரித்துரைக்கப்பட்டது. சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் இடைவட்டு தென்படாது. அதன் இருமருங்கிலும் உள்ள எலும்புகளுக்கு இடைப்பட்ட வெளி மட்டுமே தெரியும். அவ்வெளி குறுகியிருப்பின் இடைவட்டு கெட்டுவிட்டது எனவும், கெட்ட இடைவட்டே வலியின் ஊற்று எனவும் இரு படிகளில் அனுமானம் நகர்ந்தது. அக்காலத்திலேயே இதற்கு மாறான சான்று ஒன்றும் இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் ஜோனாஸ் கெல்கிரென் 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், தசையிலும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள இணைநாண்களிலும் உப்புக் கரைசலைச் செலுத்தினால் முதுகுவலியும் தொலைவில் உணரப்படும் வலியும் தோன்றுவதைக் காட்டினார். ஊடுகதிர்ப் படம் காட்டவியலாத திசுக்களும் வலியைத் தரவல்லவை என்பது இதன் பொருள்.

5. வலியில்லாதோரின் முதுகு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே முறையான ஒப்பீடுகள் தோன்றின. அமெரிக்கரான ஸ்ப்ளிட்ஹாஃப் 1953இல், முதுகுவலி உடையோர், இல்லாதோர் ஆகிய இரு சாராரின் கீழ்முதுகுப் படங்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார். வலிக்குக் காரணமாகக் கூறப்பட்டுவந்த அமைப்பு வேறுபாடுகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டன. 1957இல் ஃபுல்லன்லவ், வில்லியம்ஸ் ஆகியோரும் இவ்வகை ஒப்பீட்டை மேற்கொண்டனர்.

இவ்வொப்பீடுகளின் தருக்கம் எளியது. வலியுடைய நூறு பேரில் அறுபது பேரிடம் ஒரு மாற்றம் காணப்படுவதாகக் கொண்டால், அது வலுவான சான்றுபோல் தோன்றும். வலியில்லாத நூறு பேரிலும் ஐம்பத்தைந்து பேரிடம் அதே மாற்றம் இருக்குமாயின் அச்சான்றின் வலு பெரிதும் குன்றிவிடும். முதல் எண்ணை மட்டும் அறிந்தோர்க்கு இரண்டாம் எண் இல்லாத குறை தெரிவதே இல்லை.

ஸ்வீடனில் லார்ஸ் ஹல்ட் 1954இல் வெளியிட்ட களஆய்வு ஒப்பீட்டை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுசென்றது. எஃகுத் தொழில் நகரான முன்க்ஃபோர்சில் ஓராய்வும், பல தொழில்களைச் சார்ந்த 1,200 தொழிலாளரிடம் மற்றோர் ஆய்வும் அவரால் நிகழ்த்தப்பட்டன. இடைவட்டு மாற்றங்கள் வயதோடு சேர்ந்து பெருகுவதும், முதுகுவலியே அறியாதோரிடமும் அவை பரவலாக இருப்பதும் புலனாயின. இங்கிலாந்தில் கெல்கிரெனும் ஜான் லாரன்சும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தனர். ஒரே படத்தை இருவர் இருவகையாகப் படிக்கும் இடர்ப்பாட்டைக் கருதி, மூட்டுத் தேய்வை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் அளவுகோலை அவர்கள் 1957இல் வகுத்தனர்.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சுட்டுதல் வேண்டும். டார்கர்சனும் டாட்டரும் 1976இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முள்ளெலும்புப் பிளவு, பிறவி இணைப்பு, எலும்பு முனைப்பு ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இடைவட்டு வெளி குறுகுதல் வலியுடையோரிடம் மிகுதியாக இருந்தது. இஸ்ரேலைச் சார்ந்த மகோராவும் ஷ்வார்ட்சும் 1976 முதல் 1980 வரை கீழ்முதுகு வலிக்கும் ஊடுகதிர்ப் படச் சான்றுக்கும் உள்ள உறவு என்னும் பொருளிலேயே நான்கு பகுதிகளாகத் தொடர்கட்டுரை எழுதினர். தேய்வு, இடைநிலை முள்ளெலும்பு, மறைந்திருக்கும் பிளவு, முன்வளைவும் நழுவலும் என ஒவ்வொன்றையும் தனித்தனியே அவர்கள் ஆராய்ந்தனர். 'படத்தில் மாற்றம்' என மொத்தமாகப் பேசுவதை விடுத்து, எந்த மாற்றம் என்று பிரித்து வினவும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

6. வேலைவாய்ப்பின் வாயிலில்

மருத்துவ இதழ்களில் இவ்வையம் வளர்ந்த அதே காலத்தில், தொழிற்சாலைகளில் பழைய துணிபு வேறொரு வடிவில் வலுவாக நிலவியது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் இயற்றப்பட்டன. அமெரிக்க மாநிலங்களில் 1911 முதல் பரவின. முதுகுவலி இழப்பீடு பெருஞ்செலவாக அமைந்தமையால், வேலை கோருவோரின் கீழ்முதுகை முன்கூட்டியே படமெடுத்து, 'பழுதுள்ள' முதுகுடையோரை விலக்கும் வழக்கம் அமெரிக்கத் தொழில்துறையில் பரவியது. எவ்வித வலியும் இல்லாத, உடலுழைப்பையே நம்பிய இளைஞர் ஒருவர், பிறவியில் அமைந்த ஒரு சிறு வேறுபாட்டின் பொருட்டு வேலை மறுக்கப்படும் நிலை இதனால் உண்டாயிற்று. அவர் முன்னர் அறிந்திராத ஒரு குறையை அவ்விலக்கலின்போதே முதன்முதலாகக் கேட்டறிந்தார்.

இந்நடைமுறையின் பயனை ஆராய்வதற்கென்றே 1973இல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. கதிர்வீச்சின் தீங்கும் அங்கே கருதவேண்டிய பொருளாக இருந்தது. கீழ்முதுகுப் படத் தொகுதியின் கதிரளவு ஏறத்தாழ 1.5 மில்லிசீவர்ட் என இன்று மதிப்பிடப்படுகிறது. மார்புப் படத்தின் அளவைப்போல் அது பன்மடங்காகும். இனப்பெருக்க உறுப்புகள் அக்கதிரின் பாதையிலோ அதன் அண்மையிலோ அமைவதால் இளைஞரைப் பொறுத்தவரை அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஸ்டான்லி பிகோஸும் உடனாய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்கு முன் எடுத்த படங்கள் பிற்கால முதுகுக் காயக் கோரிக்கைகளை முன்னறிவிக்கப் பயன்படவில்லை எனக் கண்டது. காரணம் என்று கொள்ளப்பட்டது முன்னறிகுறியாகக்கூட அமையவில்லை என்பதே இதன் உட்பொருள்.

7. புதிய கருவிகளும் பழைய அனுமானமும்

ஊடுகதிர்ப் படம் இடைவட்டைக் காட்டாது என்பதால், அதனைக் காட்டும் கருவி வந்தால் சிக்கல் தீரும் என்னும் நம்பிக்கை தொடர்ந்து நிலவியது. ஆனால் ஒவ்வொரு புதிய கருவிக்கும் அதே வரலாறு மீண்டும் நிகழ்ந்தது.

தண்டுவடத்தைச் சூழ்ந்த வெளியில் கதிர்புகா மருந்தைச் செலுத்தி எடுக்கும் மைலோகிராம் முதலாவது. 1968இல் ஹிட்செல்பெர்கர், விட்டன் ஆகியோர், காது நரம்புக் கட்டி உள்ளதா என அறியும்பொருட்டு இச்சோதனைக்கு உட்பட்ட 300 பேரின் படங்களை ஆராய்ந்தனர். முதுகு நோய்க்குறி ஏதும் இல்லாத அவர்களுள் 37 விழுக்காட்டினரிடம் இடைவட்டு சார்ந்த குறைபாடு தென்பட்டது. கீழ்முதுகில் மட்டும் அது 24 விழுக்காடு. அடுத்துச் சி.டி. எனப்படும் கணினி வெட்டுப்படம் வந்தது. 1984இல் வீசலும் உடனாய்வாளர்களும் வலியில்லாத 52 பேரின் படங்களைப் பயிற்சிமிக்க மருத்துவர்களிடம் தந்தபோது, ஏறத்தாழ 35 விழுக்காடு இயல்பற்றவை எனப் படிக்கப்பட்டன.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் இடைவட்டை நேரடியாகவே காட்டியது. 1990இல் ஸ்காட் போடனும் உடனாய்வாளர்களும் முதுகுவலி அறியாத 67 பேரை ஆராய்ந்தனர். 60 வயதுக்கு உட்பட்டோருள் 20 விழுக்காட்டினரிடம் இடைவட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. 60 வயதைக் கடந்தோருள் 57 விழுக்காட்டினரின் படங்கள் இயல்பற்றவையாக இருந்தன. 1994இல் மோரீன் ஜென்சனும் உடனாய்வாளர்களும் வலியில்லாத 98 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், எல்லா மட்டங்களிலும் இயல்பான இடைவட்டு உடையோர் 36 விழுக்காட்டினரே. 2015இல் பிரிஞ்சிக்ஜியும் உடனாய்வாளர்களும் 33 ஆய்வுகளைச் சார்ந்த, வலியில்லாத 3,110 பேரின் தரவைத் தொகுத்தனர். இடைவட்டுத் தேய்வு 20 வயதினரிடம் 37 விழுக்காடாகவும் 80 வயதினரிடம் 96 விழுக்காடாகவும் மதிப்பிடப்பட்டது. இவ்வளவு பரவலான ஒன்றை, அதன் இருப்பை மட்டும் கொண்டு நோய் என வகைப்படுத்துவது கடினம்.

கருவி நுட்பமாக ஆக, காணப்படும் மாற்றங்களின் எண்ணிக்கை கூடியது. வலியோடு அவற்றைப் பிணைக்கும் அனுமானத்தின் வலு அதற்கேற்பக் கூடவில்லை.

8. தொகுப்பாய்வும் சமவாய்ப்புச் சோதனையும்

1997இல் மவுரிட்ஸ் வான் டுல்டரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முறைசார் மீளாய்வு, சாதாரண ஊடுகதிர்ப் படம் குறித்த அதுவரையிலான நோக்கீட்டு ஆய்வுகளைத் தொகுத்தது. இடைவட்டு வெளி குறுகுதல், எலும்பு முனைப்பு முதலிய தேய்வு மாற்றங்கள் வலியோடு ஓரளவு தொடர்புடையனவாக இருந்தன. வாய்ப்பு விகிதம் 1.2 முதல் 3.3 வரை அமைந்தது. முள்ளெலும்பு நழுவல், மறைந்திருக்கும் பிளவு, இடைநிலை முள்ளெலும்பு ஆகியவை தொடர்பற்றவையாகக் காணப்பட்டன. காரண காரியத் தொடர்பு உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அவர்களது முடிவு. தொடர்பே இல்லை என்றோ முழுத் தொடர்பு உண்டு என்றோ இம்முடிவு கூறவில்லை. மக்கள்தொகை அளவில் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. தனியொருவரின் வலியை அவரது படத்தைக் கொண்டு விளக்க அது போதாது.

படம் காரணத்தை அறிவிக்காவிடினும் நோயாளிக்கு நலம் பயக்குமா என்பது அடுத்த வினா. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்களான டெனிஸ் கென்ட்ரிக் முதலியோர் 2001இல் வெளியிட்ட சமவாய்ப்புச் சோதனை இதற்கு விடை தேடியது. ஆறு வாரங்களுக்குக் குறையாத முதுகுவலியுடைய 421 பேருள் ஒரு பகுதியினர்க்குப் படமெடுக்கப்பட்டது. ஏனையோர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். மூன்று மாதங்களுக்குப் பின் படமெடுத்தோருள் 74 விழுக்காட்டினரும் எடுக்காதோருள் 65 விழுக்காட்டினரும் வலி நீடிப்பதாகக் கூறினர். எனினும் ஒன்பது மாத முடிவில் படமெடுத்தோரே தாம் பெற்ற கவனிப்பில் மிகுந்த நிறைவு கொண்டிருந்தனர். வாய்ப்புத் தந்தால் படம் எடுத்துக்கொள்வோம் என்று இரு குழுவினரிலும் 80 விழுக்காட்டினர் கூறினர். நிறைவும் நலமும் எதிரெதிர்த் திசையில் சென்ற இம்முடிவு, படம் மருத்துவச் சோதனையாக மட்டுமன்றி, தம் வலி ஏற்கப்பட்டது என்பதற்குரிய அடையாளமாகவும் நோயாளிகளால் கொள்ளப்பட்டிருக்கலாம் என எண்ண இடந்தருகிறது. இருப்புப்பாதை வழக்குகளின் காலத்தில் எழுந்த அதே தேவை இங்கும் தொடர்வதாகக் கருதலாம். 2009இல் ரோஜர் சௌவும் உடனாய்வாளர்களும் ஆறு சோதனைகளைச் சார்ந்த 1,804 நோயாளிகளின் தரவைத் தொகுத்தபோதும், உடனடிப் படமெடுப்பு வலியையோ இயக்கத்தையோ மேம்படுத்தவில்லை.

இச்சான்றுகள் கொள்கையாக மாறுவது எளிதாக இருக்கவில்லை. 1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் நலவாழ்வுக் கொள்கை ஆய்வு முகமை, பிகோஸ் தலைமையிலான குழுவின் வழிகாட்டலை வெளியிட்டது. கடும் நோய்க்கான எச்சரிக்கைக் குறிகள் இல்லாதவிடத்து முதல் ஒரு மாதத்தில் படமெடுப்பு தேவையில்லை என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. குறிப்பாக அறுவை சிகிச்சை பற்றிய கருத்துகளால் சினமுற்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் தரப்பினர் எதிர்ப்புத் திரட்டினர். 1995இல் அம்முகமையின் நிதியையே முற்றாக நீக்கும் முயற்சி அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்தது. முகமை பிழைத்தாலும் நிதி குறைக்கப்பட்டது. வழிகாட்டல் வெளியிடும் பணியை அது கைவிட்டது.

9. அறிக்கையின் சொற்கள்

படம் எடுக்கப்பட்ட பின் அது சொற்களாகவே நோயாளியை அடைகிறது. 1998இல் மார்ட்டின் ரோலண்டும் வான் டுல்டரும் ஒரு கருத்துரையில், தேய்வு மாற்றங்களைக் குறிக்கும் கதிரியல் அறிக்கையோடு, அம்மாற்றங்கள் வலியில்லாதோரிடமும் பொதுவாகக் காணப்படுபவை என்னும் குறிப்பையும் இணைக்கலாம் என முன்மொழிந்தனர். அறிக்கையின் சொல்லே நோயாளியின் அச்சத்தையும் அடுத்த சிகிச்சையையும் தூண்டக்கூடும் என்பது இம்முன்மொழிவின் அடிப்படை.

இக்கருத்து தமிழ் வழக்குக்கும் பொருந்தும். ஊடுகதிர் அறிக்கையில் இடம்பெறும் விவரணைச் சொற்கள் தமிழில் நோய்ப்பெயர்களாகவே வழங்குகின்றன. 'எலும்புத் தேய்மானம்', 'ஜவ்வு விலகல்', 'டிஸ்க் விலகல்' என்பன அவற்றுட் சில. 'ஜவ்வு' என்பது மெல்லிய படலத்தைக் குறிக்கும் சொல். இடைவட்டோ தடித்த நார்வளையமும் உள்ளே கூழ்போன்ற நடுப்பகுதியும் கொண்ட உறுதியான அமைப்பு. அது தன் இடத்திலிருந்து முழுதாக விலகுவதும் இல்லை. 'தேய்மானம்' என்னும் சொல் கணக்கியலில் இயந்திரங்கள் பயன்பாட்டால் மதிப்பிழப்பதைக் குறிப்பது. பயன்படுத்தப் பயன்படுத்த அழியும் என்னும் பொருள் அதில் உறைந்துள்ளது. முதுகெலும்புக்கு அச்சொல்லை ஏற்றும்போது, குனிந்தால் தேயும், உழைத்தால் தேயும், தேய்ந்தது மீளாது என்னும் முடிவுகளும் உடன்வருகின்றன.

இவ்வுருவகத்தைச் சான்றுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. மிஷேல் பட்டியே, டாப்பியோ வீடெமன் முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பின்லாந்தைச் சார்ந்த 115 ஒருகரு இரட்டை ஆடவர் இணைகளின் முதுகெலும்புகள் ஒப்பிடப்பட்டன. வாழ்நாள் உடலுழைப்பின் வேறுபாடு இடைவட்டு மாற்றங்களில் ஒரு சிறு பகுதியையே விளக்கியது. மரபும் பகிர்ந்த இளமைச் சூழலும் மிகப் பெரிய பகுதியை விளக்கின. நரை, தோல் சுருக்கம் ஆகியவற்றைப் போன்ற வயதின் மாற்றம் என்று கூறுவதே படத்தில் காணும் பல நிலைகளுக்குப் பொருத்தமானது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு ஊடுகதிர்ப் படத்தின் பயனை மறுப்பதன்று. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, முன்னைய புற்றுநோய், பெருங்காயம் ஆகியவை இருக்கும்போது படமெடுப்பு இன்றியமையாதது. கால் வலுவிழப்பு, சிறுநீர் மலக் கட்டுப்பாட்டுக் குறை ஆகியவை தோன்றின் உடனடி மருத்துவ ஆய்வும், தண்டுவட நரம்புகளைக் காட்டவல்ல காந்த ஒத்ததிர்வுப் படமும் தேவைப்படும். முதுகெலும்புக் காசநோய் நிலவும் நாடுகளில் விழிப்பு மேலும் தேவை. மறுக்கப்படுவது ஒன்றே: மாற்றம் உண்டு, வலி உண்டு, ஆகவே மாற்றத்தால் வலி என்னும் அனுமானம்.

அவ்வனுமானம் அரை நூற்றாண்டு நிலைத்தமைக்கு மருத்துவர்களின் கவனக்குறைவு காரணம் அன்று. அவர்கள் கண்டதைக் கண்டபடியே எழுதினர். வலியுடையோரை மட்டுமே நோக்கும் மருத்துவமனை அமைப்பும், இழப்பீட்டு வழக்குகள் வேண்டிய புறச்சான்றும், முந்தைய வெற்றிகள் தந்த நம்பிக்கையும் சேர்ந்தே அதனை நிலைநிறுத்தின. அதனைத் தளர்த்தியது வலியில்லாதோரையும் அதே கருவியின் முன் நிறுத்திய எளிய ஒப்பீடு. ஒரு கருவி எதனைக் காட்டுகிறது என்பதோடு, அது காட்டுவது யாரிடமெல்லாம் உள்ளது என்றும் வினவுதல் எத்துறை ஆய்வுக்கும் பொதுவான நெறியாகும். முதுகுவலியின் வரலாற்றில் இரண்டாம் வினா தாமதமாக எழுந்தது. அத்தாமதத்தின் விலையை வேலை இழந்தோரும் தேவையற்ற சிகிச்சைக்கு உள்ளானோரும் தம் உடலையே அஞ்சி வாழ்ந்தோரும் செலுத்தினர்.